கியர் தரைக்கு வந்த வருஷம்

அந்தக் காரில் பாதிதான் எங்களுடையது. மறுபாதி பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. புனேவை ஒட்டிய நிக்டியில் எங்கள் வரிசை வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நான் என் அடுப்பை அணைக்க ஓடியிருக்கிறேன். என் கணவரும் அந்த வீட்டுக்காரரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தார்கள். கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். அப்படி ஒரு சாயங்காலம் பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டு வந்ததுதான் கார். தனியாக வாங்க இருவருக்கும் வசதியில்லை. சேர்ந்து வாங்கினால் ஒரு பழைய வண்டி கிடைக்கும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் ஸ்கூட்டர் வைத்திருந்தாலே நல்ல நிலைமை என்று அர்த்தம்.

கடக்வாஸ்லா பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அந்தக் காரை வைத்திருந்தார். எனக்கு நான்கைந்து வயது இருக்கும்போது செய்யப்பட்ட வண்டி. வெண்ணெய் நிறம், உருண்டை விளக்குகள், கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம். முன்சீட் இப்போதுபோல இரண்டாகப் பிரிந்திருக்காது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை நீளமான ஒரே மெத்தை. கியர் தரையில் கிடையாது. ஸ்டியரிங்கின் கழுத்திலிருந்து இடது கைப் பக்கம் ஒரு குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் கியர் என்பார்கள். தரையில் ஒன்றும் இல்லாததால் நடுவில் உட்காருகிறவருக்குக் கால் நீட்ட இடம் இருந்தது. முன்னால் மூன்று பேர் தாராளமாகப் போகலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு என்று பேச்சு. ஒரு தடவைகூட அதில் தகராறு வந்ததில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் பையனும்தான். அவர்கள் வீட்டில் ஏழு பேர். மராத்தி வழக்கப்படி நான் பாவ்ஜி என்று கூப்பிட்ட அந்த வீட்டுக்காரர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், முழங்கால் வலியால் அவதிப்பட்ட அவருடைய அப்பா, பிறகு பாவ்ஜியின் அக்கா. பாவ்ஜியின் மனைவியும் நானும் ஒருவரையொருவர் வஹினி, அதாவது அண்ணி, என்போம். அக்காவை மட்டும் தெரு முழுக்கத் தாயி என்றுதான் கூப்பிட்டது. மராத்தியில் அக்காவுக்கு அதுதான் சொல். எங்கள் விருதுநகர்ப் பக்கம் சின்னப் பெண்களைக் கொஞ்சுகிறபோது தாயி என்போம். நாற்பதைத் தாண்டிய ஒருவரை அப்படிக் கூப்பிட எனக்கு முதலில் நாக்கு வரவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

தாயிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா சீக்கிரம் போனபிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியதில் அவருடைய வருஷங்கள் போயிருந்தன. அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வஹினிதான் சொன்னார். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு, காலனிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தார். நான் புனேவுக்கு வந்த புதிதில் கடையில் உப்பு கேட்கக்கூட மொழி தெரியாமல் நின்றவள். எனக்கு மராத்தி கற்றுத்தந்தது தாயிதான். பாடமாக ஒன்றும் நடத்தவில்லை. தைத்துக்கொண்டே பேசுவார். தவறாகச் சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டுச் சரியாக ஒருமுறை சொல்லி மறுபடி மிதிப்பார். என்னை அவர் கூப்பிட்டது பாளா என்று. குழந்தையைக் கூப்பிடுகிற சொல் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்த காலத்தில் அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார்.

வாரம் முழுக்க மெஷினை விட்டு எழாத தாயிக்கு வெளியே போவது என்றால் அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அவருடைய இடம் முன்சீட்டின் நடு. வலது பக்கம் வண்டி ஓட்டும் தம்பி, இடது பக்கம் ஜன்னலோரம் அப்பா. பின்னால் வஹினியும் பிள்ளைகளும். புறப்படும்போது தாயி மடியில் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு கவனத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. ஹேண்ட் கியரிலிருந்து கியர் பாக்ஸ் வரை இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளிக்கொண்டு போகிற ஏற்பாடு. அந்தக் கம்பிகளின் மூட்டுகள் தேய்ந்துவிட்டன. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது சில சமயம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தால்தான் விடுபடும். பாவ்ஜிக்கு அது கைவந்திருந்தது. என் கணவருக்கும் வரும், ஆனால் பதற்றத்தில் வராது.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் கடக்வாஸ்லா அணைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊரே அன்று அங்கேதான் இருந்தது. பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி வண்டிகள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி ஊர்ந்தன. அந்த வரிசையின் நடுவில் கியர் மாட்டிக்கொண்டது. பின்னால் பஸ். அதன் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கணவர் மழையில் இறங்கி பானெட்டைத் தூக்கிக் கையை விட்டார். சூட்டில் கையைச் சுட்டுக்கொண்டார். கம்பி அசையவில்லை. பையன் அழ ஆரம்பித்தான். கடைசியில் பஸ்ஸில் இருந்தவர்கள் சிலர் இறங்கி வந்து எங்களையும் சேர்த்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே இதை அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடலாமே என்று இந்தியில் சொன்னது என் கணவரின் மனதில் தைத்துவிட்டது. மழை விட்டபிறகு எப்படியோ கியர் விழுந்தது. வீடு வரைக்கும் அவர் இரண்டாவது கியருக்கு மேலே போடாமலே ஓட்டினார்.

அடுத்த வாரமே இரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். ஹேண்ட் கியரைக் கழற்றிவிட்டு ஃப்ளோர் கியர் போட்டுவிடுவது. தரையிலிருந்து நேராகக் கியர் பாக்ஸுக்குள் இறங்கும் லீவர். நடுவில் கம்பிகளே கிடையாது, மாட்டிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதே காரின் பிந்தைய மாடலில் அப்படித்தான் வந்தது. பிம்ப்ரியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அடிபட்டு நசுங்கிய வண்டி ஒன்று கிடப்பதைப் பாவ்ஜி பார்த்துவைத்திருந்தார். அதிலிருந்து கியர் பாக்ஸின் மேல்மூடியும் லீவரும் வந்தன. கூடவே அதன் முன்சீட்டுகள் இரண்டும் வந்தன. கறுப்பு ரெக்ஸின், தனித்தனி சீட்டுகள், சாய்த்துக்கொள்ளும் வசதியோடு. அந்தச் சீட்டுகளைப் பார்த்ததும் இருவரும் புது மாப்பிள்ளைகள்போல ஆகிவிட்டார்கள்.

வேலை பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. தெருவில் எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே காரை நிறுத்தி, அடியில் கல் கொடுத்துத் தூக்கினார்கள். ஸ்டியரிங்கின் கழுத்திலிருந்து ஹேண்ட் கியரின் தண்டை உருவினார்கள். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துப் போட்டார்கள். முன்தரையில் மேடு தட்டியிருந்த இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, துளைகள் போட்டு, தகட்டை வெட்டினார்கள். நாங்கள் பெண்கள் மாறி மாறி டீ கொடுத்தோம். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒருவர் கேட்பதற்கு முன்னால் மற்றவர் ஸ்பேனரை நீட்டுவார். சின்ன விஷயத்துக்குக்கூட ஆலோசனை. சீட்டை வைத்து, லீவரை வைத்து, ஏதோ நெடுநேரம் விவாதித்தார்கள். எனக்கு அது புரியவில்லை, கவனிக்கவும் இல்லை.

கழற்றிய நீள மெத்தை அந்த வாரங்களில் எங்கள் வாசலில் கிடந்தது. பிள்ளைகள் அதில் குதித்தார்கள். மதியத்தில் தாயி அதில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பார். வீட்டுக்குள் இருப்பதைவிட இங்கே காற்று வருகிறது என்பார். கார் வேலை முடிகிற சமயத்தில் பழைய இரும்பு வாங்குகிறவன் கைவண்டியோடு வந்தான். மெத்தையையும் கம்பிகளையும் அவனிடம் ஏற்றிவிட்டார்கள். வீட்டு வாசல் சுத்தமாயிற்று என்று எனக்குச் சந்தோஷம்தான்.

முதல் ஓட்டம் அவர்கள் குடும்பத்துக்கு என்று என் கணவரே சொன்னார். ஆளந்திக் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. காலையில் தேங்காய் உடைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவே கூடி நின்றது. பாவ்ஜி உட்கார்ந்து லீவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருடைய அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தார்கள். பின்னால் வஹினி ஏறினார், பெரிய பெண், அடுத்தவள், பையன். மூத்தவளுக்கு அப்போது அம்மாவின் உயரம் வந்திருந்தது. தாயி கடைசியாக வந்தார். இஸ்திரி போட்ட நீலப் புடவை, கைப்பை, கொண்டையில் பூ. வழக்கம்போல முன்கதவுப் பக்கம் போனவர், நின்றார். இரண்டு சீட்டுக்கும் நடுவே லீவர்தான் இருந்தது.

பின்கதவைத் திறந்து பார்த்தார்கள். நகர்ந்து உட்காரச் சொன்னார்கள். பையனை மடியில் வைத்தார்கள், அவன் முரண்டு பிடித்தான். கதவைச் சாத்த முடியவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தாயி சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து நின்றார்.

“நீங்க போயிட்டு வாங்க. எனக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் இருக்கு” என்றார்.

பாவ்ஜி இறங்கப் போனார். இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம் என்றார். தாயி அவர் தோளைத் தட்டி உட்காரச் சொல்லிவிட்டார். வண்டி புறப்பட்டது. முதல் கியர், இரண்டாவது கியர், ஒரு சத்தமில்லை, ஒரு உதறலில்லை. தெருவிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். என் கணவர் தெருமுனை வரை கூடவே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். நானும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். அப்போது தாயி வாசல் அறையில் நின்று கொண்டையிலிருந்து பூவை எடுத்து மெஷின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். புடவையை மாற்றவில்லை. அப்படியே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அடுத்த முறை வேறு மாதிரி உட்கார்ந்தால் ஆயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்த முறை அப்பா வரவில்லை என்றார், தாயி முன்சீட்டில் போகட்டும் என்று. தாயி ஒப்புக்கொள்ளவில்லை. வாரமெல்லாம் கட்டிலில் கிடக்கிறவர், அவர் போகட்டும் என்றார். அதற்கடுத்த முறை யாரும் கேட்கவில்லை. தாயிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் வேலை இருக்கும் என்பது அந்த வீட்டின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள், சீட் வளரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்சீட் பாதி காலியாகக் கிடந்தது. ஒரு நாள் நான் போய் தாயியைக் கூப்பிட்டேன். முதலில் தயங்கினார். நான் விடவில்லை. வந்தார். கடக்வாஸ்லாவில் கரையோரம் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றோம். என் பையனுக்குத் தண்ணீரில் கல் எறிந்து தத்தவைக்கக் கற்றுக்கொடுத்தார். திரும்பும்போது நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவரை முன்னால் உட்காரச் சொன்னேன். என் கணவருக்குப் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டார். பின்னாலேயே என்னோடு வந்தார். சிங்ஹகட் சாலை வழியாக வரும்போது மெதுவாகச் சொன்னார்: “பாளா, முன்னாடி உட்கார்ந்தா ரோடு நம்மகிட்ட வரும். இங்க உட்கார்ந்தா போயிட்டே இருக்கு.”

அதில் குறை ஒன்றும் இல்லை, ஏதோ கவனித்ததைச் சொல்கிற குரல்தான். அதன்பிறகு நான்கைந்து முறை எங்களோடு வந்தார். எனக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன. ஏதோ சரிசெய்துவிட்டோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அதுதான் இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது. பக்கத்து வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்த ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

வஹினிதான் ஒரு நாள் சொன்னார். தள்ளுவண்டியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். தெருக்கோடி வீட்டு அம்மாள் தன்னைக் கேட்டதாகச் சொன்னார்: உங்கள் நாத்தனாரை மதராசிக்காரர்கள்தானே வெளியே அழைத்துப்போகிறார்கள், உங்கள் வண்டியில் இடமில்லையா என்று. வஹினி என்னைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்தபடியே பேசினார். “நீங்க நல்லதுக்குத்தான் செய்யறீங்க வஹினி. ஆனா எங்க வீட்டு மனுஷியை நாங்க விட்டுட்டுப் போறோம்னு ஊரு பார்க்குது.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். அப்போது, அப்படியெல்லாம் இல்லை வஹினி என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போனார். சண்டை இல்லை. மறுநாள் வழக்கம்போல் கிண்ணத்தில் ஏதோ செய்து அனுப்பினார். ஆனால் அடுத்த எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் நான் கூப்பிடப் போனபோது தாயி மெஷினை நிறுத்தாமலே தலை வலிக்கிறது என்றார். அதற்கடுத்த முறை ஒரு கல்யாண வீட்டுத் துணி என்றார். மூன்றாவது முறை நான் போகவில்லை. அவருக்கு மறுபடி ஒரு காரணம் தேடுகிற சிரமம் எதற்கு என்று தோன்றியது.

ஆண்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் பாவ்ஜி மெல்ல மெல்லத் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கைவிட்டார். வேலை இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். என் கணவருக்கு முதலில் அது அன்பாகத் தெரிந்தது, பிறகு உறுத்தியது. தானும் எடுக்காமல் விட்டார். அவ்வளவு ஆசையாகக் கையால் வெட்டி ஒட்டிச் செய்த வண்டி வாரக்கணக்கில் உறை போட்டு நின்றது. கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். ஆனால் திரும்பி வந்து வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுகிற வழக்கம் நின்றுபோயிற்று. ஒரு நாள் நான் கணவரிடம் கேட்டேன்.

“என்னங்க, நீங்களாவது பாவ்ஜிகிட்ட பேசக் கூடாதா?”

“என்னன்னு பேசச் சொல்ற? சீட்டு பத்தலைன்னா? அது அவருக்குத் தெரியாதா?”

உண்மைதான். பேசுவதற்கு அதில் என்ன இருந்தது.

சில வருஷங்களில் பாவ்ஜியின் அப்பா போய்ச்சேர்ந்தார். காரியங்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களில் சாங்லியில் இருந்த சித்தப்பா மகள் ஒருவர் தாயியைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். அங்கே பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்த இடமிருப்பதாகவும் சொன்னார். தாயி போகிறேன் என்றார். வஹினி அழுதார், தடுத்தார். அந்த அழுகை நிஜமானது.

தாயி புறப்பட்ட அன்று பாவ்ஜிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. முந்தின சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்தவர் உட்காரவில்லை. தாயியை ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட முடியுமா என்று என் கணவரிடம் கேட்டார். கணவர் தன் வேலையை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டு சரி என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த என் கணவரின் முகம் நெடுநேரம் இறுகியே இருந்தது.

காலையில் பெட்டியையும் மெஷினின் தலையையும் டிக்கியில் வைத்தோம். வஹினிக்குச் சிறியவனின் பரீட்சை, அதனால் வாசலோடு நின்றுவிட்டார். நான் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். “இன்னிக்காவது முன்னாடி உட்காருங்க தாயி” என்று மராத்தியில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மறுக்காமல் உட்கார்ந்தார். பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். புடவைத் தலைப்பு லீவரில் படாமல் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

வண்டி பிம்ப்ரியைத் தாண்டியது. பிறகு தாயி என் கணவரிடம் வண்டி நன்றாக ஓடுகிறது என்றார். நீங்கள் இரண்டு பேரும் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்றார். கணவர் ரோட்டைப் பார்த்தபடி ம் என்றார். கொஞ்சம் கழித்து, தாயி திரும்பாமலே என்னிடம் பேசினார்.

“அவங்க மேல தப்பில்ல பாளா. முதல் நாள் நான்தான் வரலைன்னேன். எனக்கும் இடம் பண்ணுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பண்ணியிருப்பாங்க. நான் வேணாம்னேன். அவங்களுக்குப் பழகிருச்சு. எனக்கும் பழகிருச்சு.”

நான் அவர் தோளில் கைவைத்தேன். அதற்குமேல் என் மராத்தி கைகொடுக்கவில்லை. ஸ்வார்கேட்டில் கூட்டம். சாங்லி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடிக்க என் கணவர் ஓடினார். மெஷினைச் சீட்டுக்கு அடியில் வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொடுத்து, பஸ் நகரும்வரை நின்றோம். தாயி என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள்.

காரை அதற்கு அடுத்த வருஷம் விற்றோம். வாங்கியவருக்கு ஃப்ளோர் கியர் இருப்பதே பெரிய கவர்ச்சியாக இருந்தது. பழைய வண்டி, ஆனால் புது வண்டிபோல ஓட்டலாமே என்றார். பாவ்ஜி பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்துக்குள் வீடு மாற்றிக்கொண்டு போனார். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்து நிறையப் பேரை அனுப்பினார்கள். என் கணவரும் வெளியே வந்தார். எங்களுடைய இரண்டாவது கார் சின்னது, புதியது. நான்கு பேருக்கு மேல் ஏறவே முடியாதது. அதில் நாங்கள் மூவரும் போவோம், பிறகு பையன் படிக்கப் போனபின் இருவராக.

ஒருமுறை விஷ்ராந்த்வாடியில் தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். வாசலில் எங்கள் பழைய காரைப் போலவே ஒன்று வந்து நின்றது. முன்னாலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். நான் அருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். நீளமான ஒரே சீட். தரையில் கியர் லீவரும் இருந்தது. ஆனால் அது முன்னால் தள்ளி முளைத்து, முழங்கை மடித்த மாதிரி வளைந்து, ஓட்டுபவரின் பக்கமாக வந்திருந்தது. நடுவில் உட்காருகிறவர் கால் வைக்க இடம் விட்டு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னார்.

“தெரியும். லீவரை வளைச்சா பழைய சீட்டையே வச்சுக்கலாம்னு அப்பவே பேசினோம். ரெண்டு பேருக்கும் அந்தக் கறுப்பு சீட்டு மேலதான் ஆசை. யாரு உட்காருவாங்கன்னு அப்ப யோசிக்கலை.”

அந்தச் சீட்டுகள் வந்த நாளில் இருவரும் மாறி மாறி அதில் உட்கார்ந்து பார்த்ததும், நான் டீயோடு நின்று சிரித்ததும் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு யாராவது ஒருவர் ஏழு பேரையும் மனதுக்குள் ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்திருந்தால் போதும். நானாக இருந்தாலும் போதும்.

பாவ்ஜியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தபோது தாயியைப் பார்க்கலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பார்த்தேன். கொஞ்சம் பருத்து, கண்ணாடி போட்டு, தன் மாணவிகள் இரண்டு பேரோடு வந்திருந்தார். மணப்பெண்ணின் ஜாக்கெட்டுகள் எல்லாம் அவர் தைத்தது. என்னைக் கண்டதும் பாளா என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். என் பையன் எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் பதில் சொன்னபோது மராத்தி எனக்குத் தட்டித்தடுமாறி வந்தது. பேசப் பழகிய ஆள் போனபிறகு அது எனக்குள் துருப்பிடித்திருந்தது. அவர் முன்போலவே தப்பைத் திருத்திச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். இன்னும் நிறையச் சொல்ல வேண்டும் என்று நான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டேன். அதற்குள் மணப்பெண்ணுக்குப் புடவை மடிப்பு சரியில்லை என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று எழுந்து போனார்.

மண்டபத்தின் மறுகோடியில் என் கணவரும் பாவ்ஜியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டு, அதிகம் பேசாமல். பாவ்ஜி ஏதோ சொல்ல, என் கணவர் தலையை ஆட்டினார். பந்தியில் வஹினி வந்து எங்கள் இலைக்கு இனிப்பு வைத்தார், மறுபடியும் வைத்தார், போதும் என்றபிறகும் வைத்தார்.

தாயிக்காகக் காத்திருந்தோம். அவர் வரும் வழியில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கணவருக்கு இருட்டில் வண்டி ஓட்டச் சிரமம் என்பதால் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. தூரத்திலிருந்தே கையைக் காட்டினேன். அவரும் காட்டினார். சாங்லிக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். பிறகு பையனின் வேலை, கணவருக்குக் கண் ஆபரேஷன், அது இது என்று தள்ளிப்போயிற்று. நாங்கள் போகவே இல்லை.